ஸ்டெல்லா அக்காவின் அலுவலகத்துக்கு நாங்கள் கொடுத்த லெவல் ஒன்று

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். நேற்று மாலை வேலை முடிந்து கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் அப்படியே சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று மூன்று மணிக்கு அடக்கம். நான் கொழும்பிலிருந்து வரும் வழியில், கினிகத்தேனையில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது. எப்போது திறப்பார்கள் என்று கண்டக்டருக்கும் தெரியவில்லை...

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. மலையகத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் கவுண்டரில் இருந்தவர். எந்த ஊர் என்பது வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக அங்கே போனேன். அரசாங்க அலுவலகங்களின் ‘என்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர்’ எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று மதிப்பிடும் குழுவில் அப்போது இருந்தேன்.

எளிதாகச் சொன்னால்... ஓர் அலுவலகத்தின் வேலைகள், தகவல்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒழுங்காகச் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்ப்பது. பார்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு லெவல் கொடுப்பது. ஒன்றுதான் ஆகக் கீழே.

நான் வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள் மீட்டிங்கில் கேள்வித்தாளை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். “இந்தப் பிரிவுல இருக்கிற தகவல் அந்தப் பிரிவுக்கு எப்படிப் போகுது? அதுக்கு ஏதாவது ஏற்பாடு இருக்கா?”

“இருக்குங்க தம்பி. நான்தான்” என்றார் ஸ்டெல்லா அக்கா.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

“நெசமாத்தான் சொல்றேன். பிரிண்ட் எடுத்து, கையில கொண்டுபோய்க் குடுத்து, திரும்ப டைப் பண்ணிட்டு வர்றேன். நான் லீவு போட்டா அன்னைக்கு ஒண்ணும் போகாது.”

நான் தாளில் ‘முறையான ஏற்பாடு இல்லை’ என்று எழுதினேன். லெவல் ஒன்று.

மறுநாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலையைக் கவனித்தேன். கொழுந்து பறிக்கிற ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். அன்றோடு மூன்றாவது தடவை வருகிறாராம்... மூன்று நாள் வேலையை விட்டு.

பிறப்புப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் லெட்சுமி. அவருடைய அட்டையில் லக்ஷ்மி. தோட்டத்துப் பதிவில் லெச்சுமி. கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள்.

பெயரை ஒருவழியாகச் சரிக்கட்டியதும் விலாசம். திரையில் வீட்டு இலக்கம், வீதி என்று இரண்டு பெட்டி. இரண்டையும் நிரப்பாமல் சேமிக்க முடியாது. அந்த அம்மாவுக்கு இருப்பது தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு லயத்தில், அந்த வரிசை வீட்டில், ஒரு காம்பரா, ஒற்றை அறை. வீதி கிடையாது.

“லயம்னு எழுத இதுல எடமே இல்ல தம்பி” என்றார் அக்கா. “நான் ஒரு மாதிரி போடுவேன், அடுத்த ஆபீஸ்ல வேற மாதிரி போடுவாங்க. கடுதாசி திரும்பி வந்துரும். அப்புறம் இவங்கதான் மறுபடி நடக்கணும்.”

சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் தோட்டத்து ஆபீசுக்கு மூன்று தடவை போன் போட்டு, லய நம்பரை வாங்கி, வீதி என்ற இடத்தில் அதைத் திணித்தார். அந்தப் பிள்ளை அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது.

கிளம்பும்போது அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “லெவல் என்னத்தையாவது போட்டுக்கிட்டுப் போங்க. லயம்னு எழுத எடமில்லங்கிறத மட்டும் எழுதிருங்க தம்பி.”

“கட்டாயம் எழுதுறேன்க்கா” என்றேன்.

எழுதினேன். இரண்டு பக்கம், அந்த அம்மாவின் கதையோடு.

கொழும்பில் எங்கள் டீம் லீட் அதைப் படித்துவிட்டு, “நல்லா இருக்கு. ஆனா இது ஒரு ஆளோட கதை. நம்ம அளவுகோல்ல இதுக்கு எங்க எடம் இருக்கு?” என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டார்.

நான் ஒரு தடவை வாதாடினேன். இரண்டாம் தடவை வாதாடவில்லை. அதற்குள் அடுத்த அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது...

சில மாதம் கழித்து அக்கா எனக்குப் போன் எடுத்தார். “எழுதினீங்களா தம்பி?”

“எழுதினேன்க்கா.”

பொய் இல்லை. உண்மையும் இல்லை.

“அப்ப எப்ப மாத்துவாங்க?”

“மேல போயிருக்குக்கா. பார்ப்பாங்க.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்துமஸ் அன்று, போன் எடுப்பார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, “மேல இருந்து ஏதும் வந்துச்சா?” என்பார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

புது சிஸ்டமும் வந்தது. திரை அழகாக இருந்தது. வீட்டு இலக்கம், வீதி... அப்படியேதான் இருந்தது. அந்த வருடமும் கூப்பிட்டார். “இது அவசரத்துல செஞ்சது போல. உங்க ரிப்போர்ட்ட இன்னும் பாக்கல போலயே” என்றார்.

அரை மணி நேரத்துக்கு முன் கலைச்செல்வி பேசினார். அக்காவோடு அதே கவுண்டரில் இருந்தவர், இறந்த செய்தியைச் சொன்னவரும் அவர்தான். பெட்டியை மூடப்போகிறார்கள், எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். வரமுடியாது போல இருக்கிறது என்றேன்.

பிறகு கேட்டார். “சார், விலாசம் சரியில்லன்னு வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் ஸ்டெல்லா மிஸ் சொல்லுவாங்க, கொழும்புக்கு நம்ம தம்பி ஒருத்தர் எழுதியிருக்காரு, சீக்கிரம் மாறிரும்னு. இனி அவங்க வந்து கேட்டா நான் என்ன சார் சொல்றது?”

இரண்டு தடவை ‘ஹலோ’ என்றவர், சிக்னல் இல்லை என்று நினைத்து அவரே வைத்துவிட்டார்.

மணி மூன்றாகிவிட்டது. மழை விடவில்லை.

அக்கா... நான் எழுதினேன். அதை எடுத்துவிட்டார்கள். உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போய் வாங்கக்கா.