மரத்த காலோடு வகுப்புக்கு

கரும்பலகையைச் சட்டத்தில் ஏற்றிவைக்கக் குனிந்தபோது இடுப்பில் பளிச்சென்று ஏதோ வெட்டியது. வலி தொடையின் பின்பக்கமாக இறங்கி இடது கட்டைவிரலில் போய் நின்றது. நான் பாடம் நடத்தும் திருவிடந்தைப் பள்ளியிலிருந்து என்னை மாட்டுவண்டியில் படுக்கவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மாமல்லபுரம் போய், அங்கிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டு மருத்துவரிடம் காட்டினோம். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். மாதக்கணக்கில் பலகையில் படுத்துக் கிடந்தேன். பிறகு பாதத்தையே மேலே தூக்க முடியாமல் போயிற்று. பட்டணத்து ஆஸ்பத்திரியில் முதுகைத் திறந்து, பிதுங்கியதை எடுத்தார்கள்.

கண் விழித்தபோது தொடையில் வலி இல்லை. சந்தோஷத்தில் அழுதேன். இதே வலியோடு இதைப் படிக்கும் நீங்களும் ஒருநாள் அப்படி அழலாம். ஆனால் அறுவையோடு எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் இடது பாதம் தொங்கியது தொங்கியதுதான். விரல்கள் மரத்தே கிடந்தன. ஒரு மதியம் கொதிக்கிற மணலில் செருப்பு கழன்றது தெரியாமலே நடந்து வந்தேன். கொப்புளங்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கணவர் தேவராஜுக்குக் கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை. "இன்னாத்துக்கு இனிமே உனக்கு வேலை? நான் சம்பாரிக்கிறேன், நீ வூட்ல குந்திகினு இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் அம்மா வாழ்நாளெல்லாம் பிறர் வயலில் குனிந்து நாற்று நட்டவள். குனியாமல் சம்பளம் வாங்கிய முதல் பெண் எங்கள் குடும்பத்தில் நான்தான். குனிய முடியவில்லை என்று அதை விடுவதா?

பள்ளி நிர்வாகிக்கு அந்த அன்பும் இல்லை. "டீச்சரம்மா, நிக்கவே முடியாதவங்கள வெச்சிகினு நான் இன்னா பண்றது? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கோங்க."

"முதுகாலயா சார் பாடம் நடத்துறேன்? வாயாலதான?"

"இன்ஸ்பெக்டர் வந்தா?"

"வரட்டும். அவரு முன்னாடியே நடத்துறேன்."

வந்தார். சுவரில் சாய்ந்துகொண்டு கணக்கு நடத்தினேன். பாதியில் இடுப்பு இறுகியது. பேசாமல் ஓரத்துப் பெஞ்சில் நீட்டிப் படுத்து, படுத்தபடியே வாய்ப்பாடு கேட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள்.

"சிரிச்சது போதும். ஏழெட்டு எவ்ளோ?"

சிரிப்பு நின்றது. வகுப்பு முழுவதும் விரல் மடக்கத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். எழுந்தபோது நிர்வாகியிடம், "இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலமான பெஞ்சா போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட தேவராஜ், "நீ அடங்க மாட்டடி" என்றார். மறுநாளே செருப்பின் நுனியிலிருந்து கணுக்காலுக்கு ஒரு தோல்வார் வைத்துத் தைத்து வாங்கிவந்தார். அந்த வார் இழுத்துப் பிடிப்பதால் பாதம் இப்போது தரையில் தட்டுவதில்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன. மழைக்கு முன்னால் முதுகு இன்னும் இறுகுகிறது. மாதா கோயிலில் எல்லோரும் முழங்காலிடும்போது நான் நிற்கிறேன். முன்பெல்லாம் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிப்பேன். இப்போது மத்தியானம் வரைதான். மத்தியானம் வந்துவிட்டால், சாயங்காலம் வரை. இடது கால் தரையில் பட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பட்டிருந்தால் அடுத்த அடியை வைக்கிறேன்.