தாராவியின் வாசல் பக்கம்

வைத்தி சார் பொய் எழுதியிருக்கிறார்.

மாட்டுங்காவில் எங்கள் மாடல் ரயில் கிளப்புக்கு இது வெள்ளி விழா வருஷம். மலர் போட்டு, போன வாரம் எல்லா உறுப்பினருக்கும் போனில் அனுப்பினார்கள். பழைய உறுப்பினர் என்பதால் எனக்கும் வந்தது. ஐரோலியில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். செயலாளர் வைத்தி சார் எழுதிய கிளப் வரலாறு அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நீட்டி எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தாராவியைக் காட்டும் மாடல் பலகை மழை ஈரத்தில் கெட்டுவிட்டது; அதைச் செய்த உறுப்பினரின் சம்மதத்தோடு அகற்றப்பட்டது.

அதைச் செய்த உறுப்பினர் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அது ஈரத்தில் கெடவும் இல்லை.

இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். கோபம் வந்தால் எனக்கு முதலில் ஸ்டாப்தான் தவறும்.

மாடல் ரயில் கிளப் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. அப்போது தாராவியில் ஒரு அட்டைப்பெட்டிப் பட்டறையில் வெட்டுகிற வேலை எனக்கு. எஞ்சின்களைப் பத்திரமாக வைக்கப் பெட்டி வேண்டும் என்று கிளப்பிலிருந்து ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி அளவு, அரை மில்லிமீட்டர் கூடக்கூடாதாம். யாருடா இந்தக் கிறுக்கன்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு சங்கக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தேன். என் இடுப்பு உயரத்தில் மாட்டுங்கா ஸ்டேஷன் இருந்தது. ஒரு லோக்கல் வந்து நின்றது, கிளம்பிற்று. அடுத்த ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையில் நானே போய் நின்றேன். ஆறு வருஷம் போனேன்.

இப்போது ஒரு ஐடி கட்டடத்தில் எலக்ட்ரீஷியன். ஸ்விட்ச் போர்டின் முனைகளைத் துடைக்க ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஹால்தான் மூக்கில் வருகிறது. ஞாயிறு பத்து மணிக்குக் கிளப்பில் முதல் வேலை அதுதான். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, தண்டவாளம் முழுக்கத் துடைக்க வேண்டும். பம்பாய்த் தூசி ஒரு வாரத்தில் துணியைக் கரியாக்கிவிடும். துடைக்காவிட்டால் கரண்ட் ஏறாது, வண்டி நடு வழியில் நின்று விக்கும். லேட்டாக வந்தவனுக்குச் சக்கரம் துடைக்கிற தண்டனை. பெரும்பாலும் எனக்குத்தான்.

துடைத்து முடித்தால் பிளாஸ்கிலிருந்து காப்பி. பிறகு டைம்டேபிள். சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. உள்ளே எதையோ மாற்றி, பத்து நிமிஷத்தில் ஒரு மணி நேரம் ஓடும்படி செய்திருந்தார்கள். நாலு மணி நேரத்தில் ஒரு முழு நாள் ஓடிவிடும். அதிகாலை முதல் லோக்கலிலிருந்து நள்ளிரவு கடைசி லோக்கல் வரை, ஒன்று விடாமல் ஓட்டுவோம். வைத்தி சார் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் அறிவிப்பு சொல்வார். திலக் நகரிலிருந்து வரும் நாகராஜன் அண்ணன் நிஜமாகவே லோக்கல் ஓட்டுகிற மோட்டார்மேன். வாரம் ஆறு நாள் பெரிய ரயில் ஓட்டிவிட்டு ஏழாவது நாள் சின்ன ரயில் ஓட்ட வருவார். "இதுல மட்டுந்தான்பா குறுக்க யாரும் வர்றதில்ல," என்பார். அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே விஷயம் அது.

மாதத்தின் மூன்றாவது ஞாயிறு வண்டி ஓடாது. கட்டுகிற நாள். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கிழித்து மரம் செய்வோம். மெல்லிய செம்புக் கம்பியைப் பற்றவைத்து மேலே போகிற மின்சாரக் கம்பி செய்வோம். பற்றவைக்கிறேன் என்று நான் சுட்டுக்கொண்ட விரல் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது.

எங்கள் பாதை மாட்டுங்காவிலிருந்து சயான் வரை, கழற்றி மாட்டுகிற பலகைகளின் மேல். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. மாட்டுங்கா பக்கத்தை வைத்தி சார் செய்தார். அவர் வீட்டு பால்கனிக் கம்பியின் பூ டிசைனை டேப் வைத்து அளந்து, ஊசியால் அட்டையில் வெட்டினார். அவர் மனைவியின் துளசித் தொட்டிகூட உண்டு. அரிசி அளவு. கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை.

சயானை நெருங்கும்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தாராவி. அங்கே என்ன இருந்தது தெரியுமா? மரத்தூள், அதன் மேல் மண் நிற பெயிண்ட், கசக்கிய தீப்பெட்டிகள் பத்துப் பதினைந்து. தண்டவாள ஓரத்தில் மூன்று பொம்மைகள். பெஞ்சில் உட்காரவைக்க வாங்கிய பயணிப் பொம்மைகள். அவற்றைக் குத்தவைத்தது மாதிரி ஒட்டி, பக்கத்தில் ஆளுக்கு ஒரு டப்பா வைத்திருந்தார்கள். புதிதாக வருகிற எல்லோருக்கும் காட்டுவார்கள்.

"இதான்டா ரியலிஸம்," என்றார் வைத்தி சார், எனக்குக் காட்டியபோது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை விட்டுவிட்டு எழுதினால் நானும் பொய்யன்தான். எங்கே இருக்கிறாய் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்துச் சொன்னேன். "சார், அந்தப் பலகைய நான் செய்யிறேன். எங்க வீடு அங்கனதான் இருக்கு."

சிரித்தவர்கள் என்னையும் அந்தத் தீப்பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு வைத்தி சார், "பேஷா செய்யேன்டா, யாரு வேண்டாம்னா," என்றார்.

இரண்டு வருஷம் செய்தேன். எங்கள் வரிசையில் பதினோரு வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு என்றால் பலகையில் மூன்றரை சென்டிமீட்டருக்கு நாலேகால். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைப் பேனா மூடியில் தேய்த்துத் தகரம் செய்தேன். நீலத் தார்ப்பாய்க்கு அடித்த பெயிண்ட் முதலில் நீச்சல் குளம் மாதிரி ஆகிவிட்டது. காப்பித் தண்ணீர் ஊற்றிப் பழசாக்கினேன். ரயிலைப் பார்த்த முதுகுப் பக்கம் முடிந்ததும் வைத்தி சாரே பாராட்டினார். நான் பலகையைக் கழற்றித் திருப்பி வைத்து, வாசல் வைக்க ஆரம்பித்தேன்.

"என்னடா பண்றே? அந்தப் பக்கம் ஹால் சுவர்னா இருக்கு. யாரு பாக்கப் போறா?"

"வீடுன்னா வாசல் வேண்டாமா சார்?"

"ரயில்லேர்ந்து பாத்தா பின்பக்கந்தானே தெரியறது? தெரியறதைச் செஞ்சாப் போறும்."

நாகராஜன் அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பதினெட்டு வருஷமா ஹார்ன் அடிச்சுக்கிட்டே அந்த வழியா போறேன் சார். ஒரு வீட்டு வாசலயும் பாத்ததில்ல. தம்பி வைக்கட்டும்."

வைத்தேன். இரும்புக் கதவு, நீல டிரம், சோப்பு டப்பா மாட்டிய ஆணி, நடுவில் சாக்கடை மூடிய கல். குத்தவைத்திருந்த மூன்று பொம்மைகளையும் பிளேடால் பெயர்த்து எடுத்து, இந்தப் பக்கம் வாசற்படியில் உட்காரவைத்தேன். அவர்கள் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். எங்கள் சந்தில் ஒரு ஆள் இரண்டு கையையும் முழுசாக விரிக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டின் முன்பக்கத்தை யாரும் போட்டோ எடுத்ததே இல்லை. காமிராவோடு பின்னால் நகர்ந்தால் எதிர்வீட்டுக் கதவு முதுகில் இடிக்கும். அக்கா கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரனுக்குக் கிடைத்ததும் பாதிக் கதவும் மாப்பிள்ளையின் காதும்தான். பலகையில் நான் எதிர் வரிசையை வைக்கவில்லை. சந்தோடு பலகை முடிந்தது. அதனால் பத்தடி தள்ளி நின்று எங்கள் வாசலைப் பார்க்க உலகத்தில் அந்த ஒரு இடம்தான் இருந்தது.

அக்காவை ஒரு மூன்றாவது ஞாயிறு கூட்டிப்போய்ப் பலகையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணைக் கிட்டே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏலே, நம்ம வீட்டுக்குப் படி ரெண்டுல்லா? ஒண்ணுதானே வச்சிருக்கே?"

"ரோட்ட ஒசத்துனதுல ஒண்ணு உள்ள போயிட்டுல்லாக்கா."

"போனா? அது அங்கன இல்லன்னு ஆயிருமா? வையி. இது ஆரு, உக்காந்திருக்கது?"

"எசக்கியக்கா. பக்கத்து வீட்டு."

"அவ என்னைக்குலே கையச் சும்மா வச்சு உக்காந்திருக்கா? ஒரு முறத்தையாவது மடியில குடு."

இரண்டாவது படியை வைத்தேன். முறமும் வைத்தேன். வைத்தி சார் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கக்கா நன்னா இன்ஸ்பெக்ஷன் பண்றா," என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அடுத்த டிசம்பரில் கிளப் கண்காட்சி வைத்தது. யாரோ பெரிய ஆள் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. காலை எட்டு மணிக்குப் போனேன். தாராவி இருந்த இடத்தில் பச்சைப் புல். கடையில் விற்கிற புல் விரிப்பை ஒட்டி, நாலு மரம், இரண்டு வெள்ளை மாடு. சயானுக்கு முன்னால் மாடு மேய்கிறது.

"சார், பலகை எங்க?"

"பத்திரமா இருக்குடா. பீரோ பின்னாடி. இன்னிக்கு ஒரு நாள்தான். குழந்தைகள்லாம் பாக்க வரதுகள்."

"குழந்தைங்க பாக்கக்கூடாதது அதுல என்ன சார் இருக்கு?"

"கோச்சுக்காதேடா. சீனரி கொஞ்சம் பச்சையா இருந்தா நன்னாயிருக்கும். அவ்ளோதான்."

நாகராஜன் அண்ணனைப் பார்த்தேன். அவர் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு மாலை வரை அந்தப் புல் வழியாக லோக்கல் ஓட்டினேன். வண்டி ஒரு தடவைகூட விக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது. என்னைத் திட்ட வேண்டுமானால் இந்த இடத்தில் திட்டுங்கள்.

ஒரு நாள் என்று சொன்ன புல் அப்படியே இருந்துவிட்டது. கேட்டபோதெல்லாம் "வெக்கலாம்டா, வெக்கலாம்" என்றார். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன், பலகை சாய்ந்து நிற்கும். பிறகு எனக்கு ஐரோலியில் வேலை கிடைத்தது. ஞாயிறும் ஷிப்ட். ஜாகையும் அங்கேயே மாறிற்று. கிளப்புக்குப் போவது நின்றது. பலகையை ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் போனில் அப்போது காமிரா கிடையாது. அதைவிட, அது எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். நான் அவ்வளவு பெரிய புத்திசாலி.

எங்கள் வரிசையை இடித்தார்கள். புதுக் கட்டடம் வருகிறதாம். அங்கேயே இருந்த அக்கா குடும்பம் இப்போது தற்காலிகக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் இருக்கிறது. இடிப்பதற்கு முன் பில்டரின் ஆட்கள் வீடு வீடாக வந்து சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். படிக்கத் தெரியாத அத்தானுக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் விரலைப் பிடித்தார்கள். அந்தப் பில்டர் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. சம்மதம் என்றால் கேட்க வேண்டும் என்பது அவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அக்கா மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, பேசுவதும் பாதிக்கு மேல் ஹிந்தி. ஒரு நாள், "மாமா, ஹமாரா கர் கைஸா திக்தா தா?" என்றாள். நம் வீடு பார்க்க எப்படி இருந்தது என்று கேட்கிறாள். அந்த வீட்டில் பிறந்தவள்தான், இடிக்கும்போது மூன்று வயது.

அக்கா சொன்னாள்: "அந்தப் பலகைய வாங்கிட்டு வாலே. அவுகளுக்கு எதுக்கு அது? நம்ம சுவத்துல மாட்டுவோம்."

போனேன். பீரோ இருந்தது. பின்னால் சுவர்தான் இருந்தது. வைத்தி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அதுவா? மழைல ஊறிப் போயிருக்கும்டா. யார் எடுத்தான்னு ஞாபகமில்லே," என்றார். கீழே இறங்கி வாட்ச்மேனைக் கேட்டேன். அவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். பங்கார் வண்டியில் ஏற்றச் சொன்னார்கள், நான்தான் இறக்கிக் கொடுத்தேன் என்றார். "ஏக்தம் சூக்கா தா, பாய். சோட்டா சோட்டா கர், தர்வாஸா பீ தா." காய்ந்துதான் இருந்தது, சின்னச் சின்ன வீடு, கதவுகூட இருந்தது என்று விரலால் அளவு காட்டினார். பழைய சாமான் வண்டி மாட்டுங்காவிலிருந்து எங்கே போகும்? தாராவிக்குத்தான். நானும் அத்தானும் இரண்டு நாள் பங்கார் கொட்டகைகளில் ஏறி இறங்கினோம். பிளைவுட் மலை மலையாகக் கிடந்தது. எங்களுடையது கிடைக்கவில்லை.

இன்றைக்கு அந்தச் சந்து இல்லை. எசக்கியக்கா விராரில் மகன் வீட்டுக்குப் போன இரண்டாம் மாதம் இறந்துவிட்டாள். நாகராஜன் அண்ணன் ரிடையராகிக் கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கிறார், போன் எடுப்பதில்லை. தாராவியின் முதுகுக்குப் போட்டோவுக்குப் பஞ்சமில்லை. ரயிலில் போகிறவன் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறான். எங்கள் வாசலுக்கு ஒன்றுகூட இல்லை. மலரில் புல்லுக்கு முழுப் பக்கம் கலர்ப் படம். கீழே வைத்தி சார் பெயர்.

விழா அடுத்த ஞாயிறு. நான் அக்காவையும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், முன் வரிசையில் உட்காருவோம். வைத்தி சார், போனில் சமாதானம் சொல்ல வேண்டாம். காப்பிக்குக் கூப்பிடவும் வேண்டாம். நீங்கள் அச்சில் போட்டதை மைக்கில் நின்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: காய்ந்த பலகையைப் பங்கார் வண்டியில் ஏற்றச் சொன்னது யார், என் சம்மதத்தை நீங்கள் எந்த நாள், எந்த வார்த்தையில் என்னிடம் கேட்டீர்கள்?