மேடு பார்த்து நின்ற பிக்கப்

மலைமேல் கட்டபெட்டுப் பக்கம் எந்த வண்டியும் மேட்டைப் பார்த்து நிற்காது. பொழுது சாய்ந்து வீடு வந்த ஜீப்பும் வேனும் முகத்தைப் பள்ளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டுதான் தூங்கும். காலையில் ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருளும். ரெண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சாவியைத் திருகி செல்ஃப் அடிப்பது பேட்டரியைக் கொல்கிற கீழ்நாட்டுப் பழக்கம் என்று இங்கே ஓர் எண்ணம். நான் கல்யாணமாகி வந்தபோது என் வீட்டுக்காரரின் பழைய டீசல் பிக்கப்பும் அப்படித்தான், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டுக்கு இறங்கும் சரிவில் நின்றிருந்தது.

நான் அருவங்காட்டில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா சங்கு ஊதினால் நடந்தே வேலைக்குப் போவார். எனக்குத் தெரிந்த வண்டி பஸ் ஒன்றுதான். அதில் டிரைவர் இருப்பார், கண்டக்டர் இருப்பார். பயப்பட வேண்டியது அவர்கள் பொறுப்பு. சொந்த வண்டி என்று ஒன்று வந்ததும் பயப்படும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அதை நான் சிரத்தையாகச் செய்தேன்.

மகன் நடக்கத் தொடங்கி, பிறகு ஓடத் தொடங்கி, ஒருநாள் பிக்கப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்தான். அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. அவன் ஹேண்ட் பிரேக்கை விடுவான், வண்டி ரோட்டுக்குப் பாயும், எதிரே தேயிலை லாரி வரும். லாரியின் நிறம்கூட எனக்குத் தெரிந்திருந்தது.

"ஏனுங்க, இனி வண்டிய மேட்டப் பாத்து நிறுத்துங்க" என்றேன்.

அவர் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். "மேட்டப் பாத்து நின்னா பின்னால உருளாதா? ஃபிசிக்ஸ்தான படிச்ச நீ?"

"உருளுங்க. ஆனா மெதுவா உருளும்."

இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவள் நான். இந்த வாக்கியத்தைச் சொன்னதும் நான்தான். சொல்லி முடித்ததுமே தப்பு என்று தெரிந்தது. ஆனால் பயத்துக்குப் பாடப்புத்தகம் கிடையாது. வண்டி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போகத்தான் அதற்கு ஆசை இருக்கும் என்று என் மனம் நம்பியது. அவர் வாதாடிக் களைத்து ஒத்துக்கொண்டார். பின்சக்கரங்களுக்கு அடியில் வைக்க இரண்டு கற்களையும் நானே தேர்ந்தெடுத்தேன்.

மாமனார் வாசலில் நின்று வண்டியை வெகுநேரம் பார்த்தார். "அம்மிணி வந்த பொறவு வண்டிகூட வானத்தப் பாத்துட்டு நிக்குது. கழுத்துச் சுளுக்கிக்காதா அதுக்கு?"

அது தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். பச்சை இலைக்கு வருவது பறிகூலிக்கே பத்தவில்லை என்று அக்கம்பக்கத்தில் பலர் இலையைச் செடியிலேயே முற்ற விட்டிருந்தார்கள். சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு காரட் போட்டார்கள். எங்கள் துண்டுத் தோட்டமும் சும்மாதான் கிடந்தது. சோறு போட்டது பிக்கப். விடிகிறபோது என் வீட்டுக்காரர் ஊராரின் காரட் மூட்டைகளை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோவார். திரும்பும்போது உரமோ தவிடோ ஏற்றிக்கொண்டு மலையேறுவார். மண்டிக்குப் பிந்திப் போன காரட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். பிந்திய வண்டிக்கு மறுபடி லோடும் கிடைக்காது. கொழுந்தனார் ஏற்கனவே திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தார். போன் செய்யும்போதெல்லாம் "வந்துருண்ணா" என்பார். இவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வண்டி ஓடுற வரைக்கும் இங்க. நின்னுச்சுன்னா அங்க."

எனக்குத் திருப்பூர் வேண்டாம். அம்மா ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறாள், குழந்தைக்குச் சளி பிடித்தால் ஓடிவருவாள் என்பது சொல்லிக்கொண்ட காரணம். சொல்லாத காரணம், இந்த ஊரில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று இப்போதுதான் கற்று முடித்திருந்தேன். புது ஊரில் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டி மக்கர் செய்தது. காலையில் சாவியைத் திருகினால் கிர்ர், கிர்ர் என்று சுற்றும், பிடிக்காது. ரிவர்ஸில் உருட்டிப் பார்த்தால் கிளம்பாமலே ரோட்டுக்கு வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு வந்து தள்ளுவார்கள். கடைசியில் வெள்ளைப் புகையைக் கக்கி, உடம்பை உதறிக்கொண்டு உயிர் வரும். ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை.

கோத்தகிரி மெக்கானிக் கேட்டவுடனே சொல்லிவிட்டார். "குளிருங்க. ஹீட்டர் போயிருக்கும்." டீசல் இன்ஜினைக் கிளப்புமுன் உள்ளே சூடேற்றித் தருகிற சின்ன ப்ளக்குகளைத்தான் ஹீட்டர் என்கிறார்கள். அவற்றை மாற்றினார். அவர் ஷெட்டில் ஒரே அடியில் பிடித்தது. மறுநாள் எங்கள் வாசலில் மறுபடி கிர்ர். பிறகு பேட்டரியை மாற்றினார்கள். ஷெட்டில் ஒரே அடி, வாசலில் கிர்ர்.

"எங்கிட்ட வந்தா நல்லாத்தானுங்க இருக்குது. உங்க ஊட்டுலதான் என்னமோ" என்றார் மெக்கானிக்.

எங்கள் வீட்டில் என்னமோ என்றதும் என் சந்தேகம் நேராக மகன்மீது போனது. டீசல் டாங்கில் எதையோ போட்டிருப்பான். மடியில் உட்காரவைத்து விசாரித்தேன்.

"டாங்க்ல கல்லுப் போட்டியா தங்கம்?"

"போட்டேன்."

"மண்ணு?"

"போட்டேன்."

"யானை போட்டியா?"

"போட்டேன்" என்றான், அதே உறுதியோடு. மாமியார் உள்ளேயிருந்து, "அவனப் புடிச்சு ஜெயில்ல போடு கண்ணு" என்றார்.

அடுத்து மெக்கானிக், டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புகிற பம்ப்பைக் கழற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும் என்றார். அதன் செலவைக் கேட்டதும் இவர், "போதும், குடுத்துரலாம்" என்றார். குன்னூரில் ஒரு காய்கறிக் கடைக்காரர் பிக்கப் தேடுகிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார் என்று ஏற்பாடாயிற்று.

அந்த வாரம் ஊரில் கோயில் நோம்பி. விருந்தாளிகளின் வேன் எங்கள் சரிவை அடைத்துக்கொண்டதால் பிக்கப் ரோட்டோரத்தில், பள்ளம் பார்த்து நின்றது. காலையில் அதற்கு முன்னால் வேறொரு வண்டி நின்றதால் உருட்ட இடமில்லை. சாவியைத்தான் திருகினார். ஒரே அடி. சாமி புண்ணியம் என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் அரித்தது. கெட்டது நடந்தால்தான் எனக்குக் காரணம் தெரிய வேண்டும் என்றில்லை. நல்லது நடந்தாலும் தெரிந்தாக வேண்டும்.

காரணம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. மகன் ஸ்ட்ரா வைத்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். கடித்துக் கடித்து ஸ்ட்ராவின் நடுவில் கீறல் விட்டிருந்தது. உறிஞ்சினான், காற்றுத்தான் வந்தது. ஜூஸ் பாதி வரை ஏறும், வாயை எடுத்ததும் சரிந்து கீழே போய்விடும். கோபத்தில் டம்ளரைத் தள்ளிவிட்டான். நான் தரையைத் துடைக்கவில்லை. ஸ்ட்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து நின்ற வண்டியைப் பார்த்தேன்.

டாங்க் பின்னால், இன்ஜின் முன்னால். நடுவில் டீசல் குழாய். அதில் எங்கோ கீறல் இருந்து காற்றுப் புகுந்தால்? மேடு பார்த்து நிற்கும்போது, ராத்திரி முழுக்க டீசல் மெல்ல இறங்கி டாங்குக்கே போய்விடும்; காலையில் இன்ஜின் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். பள்ளம் பார்த்து நின்றால் டீசல் முன்பக்கமே தங்கும். மெக்கானிக்கின் ஷெட்டில் வண்டி சூடாகப் போய்ச் சமதரையில் நிற்கும். அங்கே இது எப்படித் தெரியும்? முதல் வகுப்பு வாங்கியவளுக்கு இதை விளக்க ரெண்டு வயது நிறையாத ஒருவன் ஜூஸைக் கொட்ட வேண்டியிருந்தது.

"ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாள் வண்டியப் பள்ளத்தப் பாத்து நிறுத்துங்களேன்."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலா புள்ள?"

ஞாயிறு காலை சாவியைத் திருகினார். ஒரே அடி. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னனா இல்லையா, கழுத்துச் சுளுக்குன்னு!"

குழாய், கீறல், காற்று என்று நான் ஸ்ட்ராவைக் காட்டி விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை. "அதான் புடிச்சிருச்சே. ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போவுது. வாங்கறவனும் பள்ளம் பாத்துத்தான நிறுத்தப் போறான்" என்றார் இவர். அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளம் பார்த்து நிறுத்தி உருட்டுகிற ஊரில் எந்த வண்டியின் நோயும் வெளியே தெரிவதில்லை. இந்தக் கீறல்கூட எத்தனை நாளாக இருந்ததோ. என் முட்டாள்தனம் குறுக்கே வராவிட்டால் இன்னும் கண்ணாமூச்சி ஆடியிருக்கும்.

ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வழி முழுக்க மேடுதானே? கீறல் பெரிதாகி, கொண்டை ஊசி வளைவில் லோடோடு ஏறும்போது இன்ஜின் காற்றை இழுத்து நின்றுபோனால்? அப்போது வண்டி பின்னால் உருளும். மெதுவாக உருளாது.

குன்னூர்க்காரர் வந்தார். வண்டியைச் சுற்றினார், டயரை உதைத்தார், தானே ஏறிச் சாவியைத் திருகினார். "ஒரே அடில புடிக்குதுங்களே!" என்று முகம் மலர்ந்தது. நான் டீ கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, அட்வான்ஸ் கொடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"அண்ணா, மேடு பாத்து நிறுத்துனா புடிக்காதுங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

பைக்குள் போன கை அங்கேயே நின்றது. "என்னங்க, ஊட்டுக்காரம்மா இப்படிச் சொல்றாங்க?"

இவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். "டீசல் குழாய்ல எங்கயோ காத்து இழுக்குதுங்க. சின்ன வேலைதான். ஆனா அதப் பாக்காம லோடு ஏத்தி மலை ஏறாதீங்க" என்றேன்.

"என்ற ஊடே மேட்டுலதானுங்க இருக்குது" என்றார் அவர். சரி பண்ணிவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுந்தார். அப்புறம் வரவேயில்லை.

இவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். நான் கேட்காமலே டார்ச் பிடித்தேன். டாங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயும் ரப்பர் குழாயும் சேருகிற இடத்தில், கிளிப்புக்குப் பக்கத்தில், புழுதி ஈரமாக அப்பியிருந்தது. அதைத் துடைத்தால் ரப்பரில் நகக்கீறல்போல் ஒரு வெடிப்பு.

"இதா?" என்றார்.

"இதாத்தான் இருக்கும்" என்றேன். உடனே சந்தேகம் வந்து, "இருக்கலாம்" என்றேன்.

விரல் நீள ரப்பரை மாற்றி, குழாய்க்குள் புகுந்த காற்று போகக் கைப்பம்ப் அடித்து, அன்று சாயங்காலம் வேண்டுமென்றே மேடு பார்த்து நிறுத்தினார். காலையில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். ஒரே அடி. பக்கத்து வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் மஃப்ளரோடு வெளியே வந்து, தள்ள வேலையில்லாமல் திரும்பிப் போனார். மாமனாருக்குத்தான் ஏமாற்றம்: "அப்பச் சுளுக்கு இல்லையா?"

காரட் நேரத்துக்கு மண்டிக்குப் போயிற்று. கொழுந்தனார் போன் செய்தபோது, "வண்டி ஓடுதுடா" என்றார் இவர். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தாளு பாவம்னு சொன்னியா, இல்ல திருப்பூர் வேண்டாம்னு சொன்னியா?"

"அவர் பாவம்னுதான்."

"ம்" என்றார். "உருளும், ஆனா மெதுவா உருளும்."

எனக்கே இன்னும் தெரியவில்லை. அதை யோசிக்க நிறைய சாயங்காலங்கள் கிடைத்தன. வண்டி சரிவில் திரும்பும்போது அவர் தலையை நீட்டி, "மேலயா, கீழயா?" என்று கேட்பார். நான் கீழே என்பேன், பிறகு வேண்டாம் மேலே என்பேன், அதற்குள் அவர் மேலே பார்த்து நிறுத்தியிருப்பார். நான் போய்ப் பின்சக்கரங்களுக்குக் கல் வைப்பேன். மகனும் கூடவே ஓடிவந்து, தன் கைக்கு அடங்கிய ஒரு கூழாங்கல்லை மிகுந்த கவனத்தோடு முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அது நகர்ந்துவிடாதா என்று மறுபடி ஒருமுறை குனிந்து பார்ப்பான்.