உட்கார்ந்த ஆளுக்கு மீன் கிடையாது

நாலு வயதாகியும் என் தம்பிக்கு அம்மாவின் இடுப்புதான் தரை. உடம்பு இட்லி மாவு மாதிரி. இறக்கிவிட்ட இடத்தில் அப்படியே பரவி உட்கார்ந்துகொண்டு சிரிப்பான். டவுன் சிண்ட்ரோம் என்று இன்று சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், திருவேட்டக்குடியில் அதற்குப் பெயர் கிடையாது. காரைக்கால் டாக்டர், மருந்து வேண்டாம், நிற்க வையுங்கள், இழுக்க வையுங்கள், காலும் முதுகும் பலப்படும் என்று அனுப்பிவிட்டார். “ஒரு பாட்டில்கூட குடுக்காத டாக்டரு என்ன டாக்டரு?” என்று அம்மா வழிநெடுகப் புலம்பினாள்.

அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு இழுப்பதென்றால், கரையில் நின்று ஊரே கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைதான். மறுநாளே தம்பியைக் கயிற்றின் கடைசியில் நிறுத்திவிட்டார். கயிற்றில் கை வைத்த எவருக்கும் மீனில் பங்குண்டு, நடுவில் உட்கார்ந்தால் இல்லை என்பது எங்கள் கரை வழக்கம். தம்பி கயிற்றோடு சேர்ந்து உட்கார்ந்தான்.

“ஏண்ணே, ஆளக் கூட்டியாந்தியா, நங்கூரத்தக் கூட்டியாந்தியா?” என்றார் ஒருவர்.

பங்கு பிரிக்கும்போது தம்பி முதல் ஆளாகக் கையை நீட்டினான்.

“உக்காந்த ஆளுக்கு மீனு கெடையாது மாப்ளே” என்றார் மாமா.

அவன் போட்ட கூச்சலில் காக்கைகளே மீனை விட்டுப் பறந்தன. அம்மா சண்டைக்குப் போனாள். “புள்ளைக்கு ஒரு காரப்பொடி மீனு குடுத்தா ஒன் வலை கிழிஞ்சா போயிடும்?”

“அவனும் ஆளுதானே தங்கச்சி.”

அதன்பின் தம்பி பாதி உட்காருவான். மணலுக்கு விரற்கடை மேலே பின்புறத்தை நிறுத்தி, மாமாவை ஓரக்கண்ணால் பார்த்து, விறைத்த கயிற்றில் தொங்கி முக்கி எழுந்துவிடுவான். தினமும் இதே கூத்து.

ஒரு காலை வலை கரையேறியதும் எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டு மீனிடம் ஓடினார்கள். தம்பி மட்டும் குதிகாலை மணலில் புதைத்து, கயிற்று நுனியைப் பிடித்தபடி நின்றான். ஓடியவர்கள் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். அவனைத் தூக்கப் பாய்ந்த அம்மாவை மாமா கை நீட்டி மறித்தார். மீன் துள்ளுகிறது, காக்கை கொத்துகிறது, கேட்பாரில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“டேய், வலை வந்துருச்சுடா! கயித்த வுடு!”

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், விட்டான், தொப்பென்று உட்கார்ந்தான். அம்மா என் தொடையில் திருகித் திருகிக் கிள்ளினாள். மாமா அவன் மடி நிறையக் காரப்பொடியை அள்ளிப் போட்டார்.

வலை வந்ததைச் சொன்னதற்கு ஏன் கிள்ளு என்று அன்று முழுக்க அழுதேன். மற்றவர்கள் விட்ட கயிறு எப்போதோ மணலில் தொய்ந்துவிட்டிருந்தது. அவனைத் தாங்க அதில் ஒன்றுமே இல்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.