ஜெபகுமார் அனுப்பிய எச்சரிக்கை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் ஜெபகுமார். அப்பாவுக்குக் கடைத்தெருவில் கமிஷன் கடை. அண்ணன் ஜோயல் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவான். ஏலத்துக்குப் போனால் அவனுக்கு எழுந்து இடம் கொடுக்க ஆட்கள் உண்டு. ஜெபகுமாருக்கு அந்தக் கை வரவில்லை. மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் லேப் பொறுப்பாளனாகச் சேர்ந்தான். வீட்டில் யாரும் அதை ஒரு சோலியாக மதிக்கவில்லை. விருந்தாளிகள் கேட்டால் அப்பா, "ஸ்கூல்ல மிஷின் பாத்துக்கிறான்" என்பார்.

அவனுக்கு மதிப்பு கிடைத்த இடம் ஒரு வாட்ஸ்அப் குரூப். கொரோனாக் காலத்தில் வகுப்புகள் போனில் நடந்தபோது, போடியிலும் சிலமலையிலும் மலைமேலும் இருந்த பள்ளிகளின் லேப் ஆட்களைச் சேர்த்து அவன்தான் அதைத் தொடங்கினான். பிரிண்டர் ஓடவில்லையா, மார்க் ஏற்றுகிற தளம் திறக்கவில்லையா, யார் கேட்டாலும் பதில் சொல்வான். வேண்டுமானால் தன் பைக்கிலேயே போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவான். அவனைவிட வயதில் மூத்தவர்கள்கூட அங்கே "அண்ணே" என்றுதான் எழுதினார்கள்.

நாளாக ஆக, வைரஸ் எச்சரிக்கைகள் அனுப்புவது அவனுடைய வேலையாகிவிட்டது. எங்கேயாவது ஒன்று வந்தால் முதலில் தான்தான் போட வேண்டும் என்று ஒரு வேகம். போட்டதும் நன்றி சொல்லி வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வரும். சாப்பிடும்போதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி அபிஷா, "அத கவுத்து வச்சுட்டு சாப்புடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

அந்த ஆடி மாதம், மதுரைப் பக்கத்து குரூப் ஒன்றிலிருந்து அவனுக்கு ஒரு செய்தி வந்தது. பள்ளிகளைக் குறிவைத்து ஒரு புது வைரஸ் வருகிறது, இத்துடன் இருக்கும் பாதுகாப்பு ஃபைலை எல்லாக் கணினிகளிலும் உடனே போடுங்கள் என்று இருந்தது. மேலே முத்திரை மாதிரி ஏதோ ஒரு படம். ஜெபகுமார் தன் லேப்பில் ஒரு கணினியில் அதைப் போட்டுப் பார்த்தான். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. அவ்வளவுதான் அவன் செய்த சோதனை. மற்ற கணினிகளிலும் போட்டான். 'நான் போட்டுப் பார்த்துவிட்டேன், எல்லோரும் இன்றைக்கே போடவும்' என்று ஒரு வரி சேர்த்து குரூப்பில் அனுப்பினான்.

வழக்கம்போல நன்றிகள் வந்தன. நடுவில் தமிழ்செல்வி மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

தமிழ்செல்விக்கு சொந்த ஊர் சிலமலை. போடிமெட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில் லேப் பார்த்துக்கொள்கிற தற்காலிக வேலை. வாரம் முழுக்க மேலே தங்கியிருந்துவிட்டு சனிக்கிழமை ஜீப்பில் இறங்கி வருவாள். "அண்ணே, இங்க நெட்டு சரியா கிடைக்க மாட்டேங்குது. இது கண்டிப்பா போடணுமா? எங்கருந்து வந்துச்சுண்ணே?" என்று எழுதியிருந்தாள்.

எங்கிருந்து வந்தது என்பது ஜெபகுமாருக்கே தெரியாது. அதைச் சொல்வதற்குப் பதிலாக அவனுக்குக் கோபம் வந்தது. "நெட்டு இல்லங்கிறதெல்லாம் ஒரு காரணமா? புள்ளைங்க சர்டிபிகேட்டு பூராம் போனதுக்கப்புறம் அழுது பிரயோசனமில்ல. நம்பிக்கை இல்லாதவங்க குரூப்ல இருக்கணும்னு கட்டாயமில்ல" என்று எல்லோரும் பார்க்கும்படி பதில் போட்டான். சிலர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். தமிழ்செல்வி மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேராக அவன் பள்ளிக்கு வந்தாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி ஒரு பென்டிரைவை நீட்டினாள். ஜெபகுமார் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒரு லேப்பை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று வெகுநேரம் பேசினான். பிறகு தன் கையாலேயே அந்த ஃபைலை ஏற்றிக் கொடுத்தான். அவள் போன பிறகு, சிறு பெண் திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் லேப்பைத் திறந்தபோது எந்தக் கணினியிலும் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துகளாக மாறியிருந்தன. பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் திரை முழுக்க நின்றது. பச்சை டிக் வந்த முதல் கணினியில்தான் அது தொடங்கியிருந்தது. ஃபைலின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தான். எந்த வைரஸிலிருந்து காப்பாற்றும் என்று அனுப்பினானோ, அந்த வைரஸே அதுதான்.

பள்ளி அலுவலகக் கணினி தனியாக இருந்ததால் தப்பித்தது. லேப்பில் இருந்தவை பெரும்பாலும் மாணவர்களின் பயிற்சி வேலைகள். மின்சாரம் ஏறி இறங்கியதில் கணினிகள் பழுதாகிவிட்டன என்று நிர்வாகத்தில் சொல்லி, எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்தான். அந்தப் பொய் சுலபமாக எடுபட்டது.

குரூப்பில் தான் அனுப்பியதை அழிக்கப் பார்த்தான். எல்லோருக்கும் அழிக்கிற காலம் கடந்துவிட்டிருந்தது. தன் போனில் மட்டும்தான் அழிக்க முடிந்தது. அழித்தான். அவன் கண்ணுக்கு மட்டும் அது மறைந்தது. மற்றவர்களிடம் அப்படியே இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுதத் தொடங்கினான். 'நான் அனுப்பிய ஃபைல்' என்ற இடத்தில் விரல் நின்றது. அத்தனை பேரும் அதைப் படிக்கப் போவதை நினைத்தான். தமிழ்செல்வியைத் தான் விரட்டியது அதற்குச் சற்று மேலேயே இருந்தது. எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினான்: 'நம் வட்டாரத்தில் சில பள்ளிகளில் வைரஸ் தாக்குதல் நடப்பதாகத் தகவல். எல்லோரும் கவனமாக இருக்கவும்.'

நன்றிகள் வந்தன. நீங்க இல்லேன்னா என்ன பண்ணுவோம்ணே என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது அபிஷா சொல்லாமலே போனைக் கவிழ்த்து வைத்தான்.

மேலே, காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்ததில் தமிழ்செல்வியின் பள்ளிக்கு மின்சாரமே இல்லாமல் இருந்தது. பென்டிரைவ் அவள் மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. மின்சாரம் வந்த அன்றுதான் அவனுடைய இரண்டாவது செய்தியும் அவளுக்குக் கிடைத்தது. படித்ததும் பதறிப்போய் பென்டிரைவை எடுத்துச் செருகினாள்.

நாலைந்து நாள் கழித்து ஜெபகுமாருக்குத் தமிழ்செல்வியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நீங்க சொன்ன வைரஸ் இங்கயும் வந்திருச்சுண்ணே. உங்க மெசேஜ பாத்த ஒடனே நீங்க குடுத்தத வெரசா போட்டேன். அப்பிடியும் நிக்கல. உதவித்தொகைக்கு ஸ்கேன் பண்ணி வச்சிருந்த பேப்பர் பூராம் போச்சு. பழைய பென்டிரைவ எதையும் சொருகிட்டேனோ என்னமோ தெரியல."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"லேட்டா போட்டிருப்பீங்க" என்றான்.

"ஆமாண்ணே, கரண்டு இல்ல. என் தப்புத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அதன் பிறகு இரண்டு மூன்று நாள் ஜெபகுமார் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தான். ஏமாந்து ஒன்றை அனுப்பியதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. இரண்டாவது செய்தியில் ஃபைலின் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் அதைத் தொட்டிருக்க மாட்டாள். தன் மானத்தைக் காப்பாற்ற எழுதிய ஒரு வரிதான் அவளை அதைப் போட வைத்தது. அதற்கு மேல் பழியையும் அவள் தலையில் வைத்தாகிவிட்டது. அபிஷா கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் வேலை போய்விடுமா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மலைக்கு ஜீப் ஏறினான். பக்கத்தில் ராக்கு என்ற தோட்டத் தொழிலாளி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாலித்தீன் பைக்குள் காகிதங்கள். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலைப்பாதை வளைவுகள் தொடங்கியதும் அவளாகவே பேசினாள். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் மறுபடியும் எடுக்க தாலுகா ஆபீசுக்கு வந்தாளாம். அசல் போன மழையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கூரை ஒழுகி நைந்துபோயிருந்தது. பள்ளிக்கூடத்து மிஷினில் இருந்ததுதான் ஒரே நகல். இரண்டு நாள் காய் எடுக்கப் போகவில்லை, கூலி கிடையாது.

"அந்த டீச்சரு புள்ள என்னத்தையோ போட்டு அழிச்சுப்புடுச்சாம்ல. எல்லாரும் வைய்யிறாக. ஹெட்மாஸ்டரு வேற ஆளு போடப் போறாருன்னு பேசிக்கிறாக" என்றாள் ராக்கு.

ஜெபகுமார் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அழித்தது நான்தான் என்று அவளிடம் சொல்ல அந்த வளைவுகள் முழுவதும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

பள்ளியில் தலைமை ஆசிரியர் பிச்சைமணி அவனை வரவேற்று உட்காரவைத்தார். லேப்பைப் பார்த்து உதவி செய்ய வந்திருக்கிறான் என்று நினைத்து நன்றி சொன்னார். தமிழ்செல்வியைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து நின்றதும் ஜெபகுமார் எழுந்துவிட்டான். உட்கார்ந்தபடி சொல்ல முடியவில்லை.

"சார், இவங்க மேல தப்பில்ல. வைரஸே நான் குடுத்த ஃபைலுதான். எங்க லேப்பும் அதுலதான் போச்சு. தெரிஞ்சதுக்கப்புறமும் நான் மறைச்சிட்டேன். இவங்க போன் பண்ணப்பவும் சொல்லல."

பிச்சைமணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தமிழ்செல்வியை இதே அறையில் வைத்துத் திட்டியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தமிழ்செல்வி அழுவாள், கோபப்படுவாள் என்று ஜெபகுமார் எதிர்பார்த்து வந்திருந்தான். அவள் இரண்டும் செய்யவில்லை.

"எங்கருந்து வந்துச்சுன்னு நான் கேட்டேன்ல சார்" என்றாள்.

அண்ணே என்ற சொல் போய்விட்டதை அவன் கவனித்தான்.

முதலில் குரூப்பில் இருக்கிற மற்றவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார் பிச்சைமணி. பள்ளிக்குள் சிக்னல் இல்லை. வெளியே ரோட்டோரம் போய் நின்று, மூடுபனி முகத்தில் அடிக்க, ஃபைலின் பெயரோடு நடந்ததை எல்லாம் எழுதினான். தமிழ்செல்வியை அன்றைக்குப் பேசியது தவறு என்பதையும் எழுதினான். அனுப்பிவிட்டு அங்கேயே நின்றான்.

வந்த பதில்கள் கொஞ்சம்தான். பலர் அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டைவிரலை உயர்த்தியதோடு சரி. சிலமலைப் பள்ளி ஒன்றின் ரேணுகா மட்டும் போட்டிருந்தாள். காலாண்டுக்குத் தயார் செய்த வினாத்தாள்கள் போய், ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாளாம். தன் கை ராசியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தாள். நீங்க இல்லேன்னா என்ன பண்ணுவோம் என்று எழுதியவர் குரூப்பை விட்டு வெளியேறினார்.

கீழே இறங்கியதும் ஜெபகுமார் தன் பள்ளி நிர்வாகத்திலும் பொய்யை ஒப்புக்கொண்டான். வேலை போகவில்லை, அலுவலகக் கணினிப் பக்கம் இனி வரக்கூடாது என்றார்கள். விஷயம் கடைத்தெருவுக்கும் வந்தது. அப்பா, விருந்தாளிகள் கேட்டாலும், மிஷின் பார்க்கிறான் என்று சொல்வதையும் விட்டுவிட்டார். குரூப் பொறுப்பை ரேணுகாவிடம் கொடுத்தான். அங்கே இப்போது எந்த எச்சரிக்கை வந்தாலும், அனுப்பியவர் யாரிடமிருந்து வாங்கினார் என்று அவள் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடுகிறார்கள்.

சனிக்கிழமைகளில் அவன் மலைக்குப் போய் லேப்பைச் சரிசெய்து, பெற்றோர் திரும்பக் கொண்டுவந்த காகிதங்களை, வீட்டுக்கு இறங்காமல் தங்கிய தமிழ்செல்வியோடு உட்கார்ந்து ஸ்கேன் செய்தான். வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் அவள் பேசினாள். அவளுடைய வேலைக்கு ஆபத்து வரவில்லை. ராக்குவின் மகள் உட்பட அநேகமாக எல்லாப் பிள்ளைகளுடைய உதவித்தொகை விண்ணப்பமும் கடைசித் தேதிக்குள் போய்விட்டது. மொக்கச்சாமி என்பவருடைய மகளுடையது மட்டும் போகவில்லை. வருமானச் சான்றிதழ் வந்து சேர்ந்தபோது தளம் மூடியிருந்தது.

அதைச் சொல்ல ஜெபகுமாரே எஸ்டேட் லயத்துக்குப் போனான். தமிழ்செல்வி தூரத்திலிருந்து வீட்டைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். மொக்கச்சாமி அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர், வைரஸ், ஃபைல் என்று அவன் சொன்னதை எல்லாம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டார். முக்கால்வாசி அவருக்குப் பிடிபடவில்லை. தன் தவறால்தான் போயிற்று என்று அவன் மறுபடியும் சொன்னான்.

"மிஷின் கெட்டுப்போனா நீங்க என்ன சார் பண்ணுவீக? இம்புட்டு தூரம் வந்து சொல்றீகளே, அதே பெருசு. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்றார் அவர்.

உள்ளே குரல் கொடுத்து, பால் சேர்க்காத கட்டஞ்சாயா கொண்டுவரச் சொன்னார். விண்ணப்பம் போகாத அந்த மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்பதாவது படிக்கிறவள். ஜெபகுமார் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.