சம்பந்தி வீட்டு வண்டிக்குக் காய்ச்சல்

“…அதான் சொல்றேன், வாசல்ல நின்ன வண்டி சும்மா நிக்கல பெரிய பொண்ணே. இவள இட்டுகினு போவாதேன்னு வாயத் தொறந்து சொல்லிகினு நிக்குது.”

சொன்னவர் கன்னியம்மா, என் தங்கை அமுதாவின் மாமியார். இடம் எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கம். கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் ஒரு சந்து. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணி. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், கன்னத்தில் காயாத சந்தனம், ஒன்பது மாத வயிறு, இத்தனையோடும் அமுதா படியில் நிற்கிறாள். வளைகாப்பு முடிந்த கையோடு அவளை ஆரணிக்கு, எங்கள் அம்மாவிடம், கூட்டிப்போகத்தான் முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தேன். வந்த வண்டி எங்கள் தெரு மாணிக்கண்ணன் வாடகைக்கு ஓட்டும் பழைய டீசல் அம்பாசிடர். காஞ்சிபுரம் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர் முனகாமல் வந்த வண்டி அது. இப்போது சாவியைத் திருப்பியதும் உடம்பெல்லாம் உதறி, சந்து முழுக்க வெள்ளைப் புகை கக்கி, ‘டொக் டொக்’ என்று இடித்து, நின்றுவிட்டது.

கன்னியம்மா பேனட் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். “சொரம் வந்த கொயந்த மாரி நடுங்குது. இதுல ஏத்தி, அந்தத் தூரம், இந்த வயித்தோட! ஒனக்கு மனசு வருதா?”

எனக்கு மனசு வந்தது. காரணம் சொல்கிறேன். எங்கள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாள். பேரப்பிள்ளையை அவள் வந்து பார்க்க முடியாது. பிள்ளைதான் அவளிடம் போய்ப் பிறக்க வேண்டும். நாளைக்கு என்றால் செவ்வாய், வீட்டுப் பெண்ணை வழியனுப்பும் நாளில்லை. புதன் அஷ்டமி, வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை மகாலட்சுமியை எவள் வெளியே அனுப்புவாள்? சனிக்கிழமையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஞாயிறு பத்தாம் மாதம் பிறக்கிறது. “பத்து பொறந்தா படி தாண்டாது” என்பது கன்னியம்மா வீட்டுச் சட்டம். இன்று விளக்கு வைக்கும் முன் அமுதா படியிறங்கியாக வேண்டும். இறங்கிவிட்டால், போகும் வழியில் இருட்டுவது பாவமில்லையாம்.

அமுதா என் காதருகே வந்தாள். “அக்கா, பஸ்ல கூடப் போயிடலாம்க்கா. என்னை இங்க விட்டுட்டுப் போயிடாத.”

“பஸ் வேணாம்டி. வந்த வண்டியிலேயே போறோம். நீ போய் உட்காரு.”

சந்தில் அதற்குள் கூட்டம். ஒருவர் பேட்டரி என்றார், ஒருவர் கண்திருஷ்டி என்றார். எதிர்வீட்டில் இறால் விற்கும் ராணி கூடையை இறக்கிவைத்து, “வண்டிக்கும் மசக்கையா? மாங்கா குடுத்துப் பாரு நைனா” என்று மாணிக்கண்ணனைக் கேட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் காது எஞ்சினில் இருந்தது.

டீசல் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான். ஆரணி பஸ் ஸ்டாண்டில் டிபன் கடை நடத்துகிறவள் நான். அடுப்பு ஊதி அனுபவம் உண்டு. எஞ்சினும் நாலு பர்னர் அடுப்புதான் என்று அண்ணன் சொன்னதும் விளங்கிப்போயிற்று. ஒவ்வொரு பர்னருக்கும் ஓர் இன்ஜெக்டர், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குழல். அதன் நுனியில் நாசில். டீசலைப் பொடிப்பொடியாகத் தூவுவது அந்த நுனிதான். அண்ணன் எப்படியோ வண்டியைக் கிளப்பி, ஆக்சிலேட்டர் மேல் ஒரு பையனின் காலை வைக்கச் சொல்லி, ஒரு ஸ்பானரோடு குனிந்தார். இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுபோகும் முதல் குழாயின் நட்டைத் தளர்த்தினார். டீசல் கசிந்தது, எஞ்சின் தள்ளாடியது. முடுக்கினார். இரண்டாவதைத் தளர்த்தியதும் மறுபடி தள்ளாட்டம். மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒன்றுமே ஆகவில்லை. எஞ்சின் அதே நடுக்கத்தோடு, அதே இடியோடு நின்ற இடத்தில் ஆடியது.

“வேலை செய்யுறவனைப் புடுங்கினா வீடு ஆடும். ஆடலன்னா அவன் சம்பளம் வாங்கித் தூங்குறான்னு அர்த்தம்” என்றார் அண்ணன். “மூணாவது நாசில் போச்சு. இதை டெஸ்டர்ல போட்டுப் பார்க்கணும். ராயபுரத்துலதான் டீசல் பம்ப் கடைங்க இருக்கு.”

“நாலையும் கழட்டுங்கண்ணா.”

“எதுக்கு? மூணாவதுதானே…”

“ஒரு பல்லு வலிக்குதுன்னு போனாலும் டாக்டர் எல்லாப் பல்லையும்தான் தட்டிப் பார்ப்பார். அங்கயும் இங்கயும் ரெண்டு தடவை அலைய நமக்குப் பொழுதில்லை.”

பன்னிரண்டரைக்கு நாலு இன்ஜெக்டர்களையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, டிபன் தூக்கில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். துணைக்கு மாப்பிள்ளை செல்வம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர், தாய் சொல்லைத் தட்டாதவர், அன்றைக்கு என்னவோ தரையைப் பார்த்தே நடந்தார். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு ஐந்து ரூபாய். எர்ணாவூர் தாண்டியதும் இடப்பக்கம் கடல். அலை தின்னாமலிருக்கக் கொட்டிய கருங்கற்கள். கல்லுக்குக் கல் காயும் துணிகள். வலப்பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்தபடி. மூக்குக்கு ஒரு நிமிஷம் கருவாடு, ஒரு நிமிஷம் தொழிற்சாலை கேஸ்.

“இந்த வாசன எப்படித் தாங்குறீங்க?” என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

“எந்த வாசன?” என்றார் அவர்.

ராயபுரத்தில் நசீர் பாயின் பம்ப் கடை ஒரு கதவு அகலம். உள்ளே சுவரெல்லாம் திறந்துபோட்ட பம்புகள். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டியவர், என் கையிலிருந்த தூக்கைப் பார்த்து, “நான் சாப்ட்டேன்மா” என்றார். திறந்து காட்டினேன். “அட! இரும்புக் கொழம்பு!”

மேசையில் பூட்டியிருந்த கைப்பம்பில் முதல் இன்ஜெக்டரை மாட்டி நெம்பினார். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. ‘கர்ர்’ என்று ஒரு சத்தம், நுனியிலிருந்து மல்லிகைப்பூப் போல விரிந்த ஒரு புகை. “கல்யாணத்துல பன்னீர் தெளிக்கிற மாரி வரணும். வருதா? இது பொழச்சிகும்.” இரண்டாவதும் நாலாவதும் அழுக்கு, கழுவித் தேய்த்ததும் பன்னீர் தெளித்தன. மூன்றாவதை மாட்டினார். சத்தமே இல்லை. நுனியிலிருந்து ஒரே கோடாக டீசல் பீய்ச்சி, சொட்டிக்கொண்டே நின்றது.

“இது பன்னீர் இல்ல நைனா, கொயாத் தண்ணி. இது எரியாது, அப்படியே போய் உள்ள வுயும். அதான் இடிக்குது, அதான் வெள்ளப் பொக.”

நாசிலைக் கழற்றி உள்ளே இருந்த ஊசியை வெளியே எடுக்கப் பார்த்தார். வரவில்லை. தட்டி, எண்ணெய் விட்டு உருவியபோது ஊசியின் மேல் காவி நிறத்தில் துரு. இன்ஜெக்டரிலிருந்து வடிந்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். அடியில் மணி மணியாகத் தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினார்.

“உப்பு. டீசல் எங்க புடிச்ச?”

பாய் கேட்டது என்னை. ஆனால் தலை குனிந்தது மாப்பிள்ளை.

“தோஸ்து ஒர்த்தன் போட் வச்சிகீறான் பாய். அவன்கிட்ட ஒரு கேன்… நேத்து ராத்திரி ஊத்துனேன்.”

“போட்டோட அடியில கெடந்த கேனா? கடலு பாதி, டீசல் பாதி இருக்கும். நாசில் ஏற்கெனவே தேஞ்சதுதான், நான் இல்லேங்கல. ஆனா தேஞ்சவன் வாயில உப்புத் தண்ணி ஊத்துனது நீ.” பாய் என் பக்கம் திரும்பினார். “புச்சு நாசில் போட்டுத் தரேன்மா. டேங்க்ல ஒரு சொட்டு வுடாம எறக்கணும், பில்டர மாத்தணும். இல்லாட்டி எர்ணாவூரு கூட தாண்டாது. மறுபடி இங்கதான் வருவ, நானும் மறுபடி பன்னீர் கத சொல்லுவேன்.”

நாசிலும் பில்டரும் அடுத்த தெரு ஸ்பேர் கடையில் கிடைத்தன. நாசில் இருநூற்று எண்பது ரூபாய். பாய் அதை மாட்டி, முள் சரியான அளவுக்கு ஏறும்வரை திருகு வைத்து, மூன்று முறை தெளித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

திரும்பும் வழியில் திருவொற்றியூர்த் தேரடிக்கு அப்பால் எல்லாம் நின்றுவிட்டது. கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு முடிவே தெரியவில்லை. டிரைவர்கள் டயர் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நாலு மணி. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான் என்று இறங்கி நடந்தோம். நடக்கையில்தான் மாப்பிள்ளை வாய் திறந்தார்.

“யக்கா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. அதுதான் ஊத்தச் சொல்லிச்சி. ‘சம்பந்தி வூட்டு வண்டி வயிறு காஞ்சி போவக் கூடாது, ரொப்பி அனுப்பு’ன்னு. நான்தான் பங்க்குக்குப் போவாம தோஸ்துகிட்ட வாங்கிட்டேன். காலையிலேர்ந்து சந்து பூரா சகுனம் சகுனம்னு சொல்லிகினு கீது. இப்ப போய் இது ஒன் சோறுதாம்மான்னா, தாங்காது.”

வந்தவர்களுக்குச் சோறு போடுகிற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர்களின் வண்டிக்கும் சோறு போடுகிற வீட்டை அன்றுதான் பார்த்தேன். கோபம் பாதியில் நின்றது. “சொல்லாம எப்படி மாப்பிள்ளை? டேங்கை எறக்கும்போது கேட்கமாட்டாங்களா? நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க” என்றேன். எர்ணாவூரில், மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் எங்களை ஐஸ் பெட்டிமேல் ஏற்றிக்கொண்டார். புடவையெல்லாம் ஈரத்தோடு சந்துக்குள் போனபோது ஐந்தாகியிருந்தது.

மாணிக்கண்ணன் இன்ஜெக்டர்களைப் பூட்ட, மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் படுத்து டேங்கின் அடைப்பைத் திறந்தார். பெயின்ட் டிரம்மில் இறங்கியதை அண்ணன் ஒரு பாட்டிலில் பிடித்துத் திண்ணைமேல் வைத்தார். சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது: மேலே டீசல், கீழே கலங்கிய தண்ணீர், அதற்கும் கீழே ஒரு சிட்டிகை கடல் மணல். சந்தே குனிந்து பார்த்தது. கன்னியம்மாவும் பார்த்தார்.

“இத்த யாரு ஊத்துனா?”

வண்டிக்கு அடியிலிருந்து மாப்பிள்ளை குரல் வந்தது. “நான்தாம்மா. நீ வயிறு ரொப்பி அனுப்புன்ன இல்ல. போட்காரன்கிட்ட வாங்குனேன்.”

பிறகு ராணிதான், “ஏன் கன்னிம்மா, வண்டிக்குக் கூயு ஊத்துனது சரி, அதுல இம்மா உப்பா போடுவ?” என்றாள். சந்து வெடித்தது. கன்னியம்மா சிரிக்கவில்லை. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அமுதா என் கையை இறுகப் பிடித்தாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது. மேற்கே வெயில் மஞ்சளாகிவிட்டது.

இந்த முறை பங்க்கிலிருந்து வந்த டீசலை, ராணி கொடுத்த மல்துணியில் வடிகட்டி ஊற்றினோம். புது பில்டரை மாட்டிய பிறகு குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டுமாம். பம்பின் கைநெம்புகோலை அடிக்க அடிக்க நட்டு வழியே நுரை வந்தது. நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை மாப்பிள்ளை விடவில்லை. சாவியைத் திருப்பினால் பேட்டரி முனகியது. காலையிலிருந்து திருப்பித் திருப்பி அதன் உயிர் போயிருந்தது.

“தள்ளு மாமு!” என்று யாரோ கத்தினார்கள். எங்கள் ஊரில் வண்டி நின்றால் அது வண்டிக்காரன் பாடு. போகிறவர்கள் ஒலியெழுப்பிக்கொண்டு சுற்றிப் போவார்கள். இங்கே காலையில் பேட்டரி என்றவர், திருஷ்டி என்றவர், ராணி, மீன்பாடிக்காரர், எல்லாரும் டிக்கியில் கை வைத்துவிட்டார்கள். நானும்தான். சந்தின் முனைவரை தள்ளியதில் ஒன்றுமில்லை. திருப்பி வைத்து மறுபடி தள்ளினோம். வீட்டு வாசலுக்கு நாலு அடி இருக்கும்போது அண்ணன் கிளட்சை விட்டார். ஒரு குலுக்கல், ஒரு தும்மல், கொஞ்சம் கரும்புகை. பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாலு பர்னரும் ஒரே சீராக எரிகிற சத்தம். இடியில்லை, நடுக்கமில்லை.

அமுதாவைப் படியிறக்கிப் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்தேன். எதிர்வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை. மாமியாரிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவது என்று வாசலைப் பார்த்தேன்.

கன்னியம்மா வெளியே வந்தார். புடவை மாற்றியிருந்தார். ஓடும் வண்டியின் முன்னால் போய் நின்று, பேனட் மேல் புறங்கையை வைத்தார். பிறகு உள்ளங்கையைத் திருப்பி வைத்து, குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். திரும்பிப் போய்க் கதவைச் சாத்திப் பூட்டினார், ராத்திரி ஷிப்டுக்குப் போகும் மகனுக்காகச் சாவியை ராணியிடம் கொடுத்தார், படியோரம் வைத்திருந்த துணிப்பையை எடுத்தார், முன் கதவைத் திறந்தார், மாணிக்கண்ணனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.