களமருதூர்ச் சேறும் கமிட்டியின் கண்ணீரும்

போன வாரம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். கல்வராயன் மலையில் பள்ளிக்கூடம் நடத்தும் இளம் மிஷனரி. பணம் அனுப்பித் தன்னைத் தாங்கும் சபைகளைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பியிருக்கிறாராம். லேப்டாப்பில் கலர் கலராக ஸ்லைடுகள். "ரிப்போர்ட் சரியா இருக்காய்யா?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல...

நானும் அதே மலையில், கரியாலூர்ப் பக்கம் வாத்தியாராக இருந்தவன்தானே? ஐந்து வகுப்பு – ஒரே வாத்தியார். இரண்டு வருஷத்துக்குள் இன்னொருவர் வராவிட்டால் நான்காவதையும் ஐந்தாவதையும் மூடியாக வேண்டும். மூடினால்? பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடும்.

வாத்தியாரை அனுப்ப வேண்டியது உளுந்தூர்பேட்டையில் உள்ள ஒரு சபை. முதல் வருஷமே போய்க் கேட்டேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகளின் மார்க் லிஸ்ட் வாசித்தேன். கமிட்டித் தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மலையில பாம்பு, கரடி ஏதாவது...?"

"பள்ளிக்கூடத்துப் பக்கம் வர்றதில்லைங்க."

"சுகமா இருக்கீங்க, ஸ்தோத்திரம்" என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். அதே சபைக்குப் போகும் என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு ஜுரம் வந்துச்சுன்னாவது சொல்லக் கூடாதாடா?"

அடுத்த வருஷம் மறுபடி கிளம்பினேன். அப்போது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி. கள்ளக்குறிச்சியில் ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே போராட்டக்காரர்கள் வெட்டிப் போட்ட புளியமரம் கிடந்தது. அதன் மேல் வரிசையாக ஆட்கள்.

"இன்னா சார், எங்க போறீங்க?" என்று கேட்டார் ஒருவர். முருகேசன், கூலி வேலை பார்ப்பவர். மலைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் கேட்கப் போகிறேன் என்றேன்.

"எங்க புள்ளைங்களுக்கு காலேஜ் சீட்டு கேட்டு நாங்க குந்திகினு இருக்கோம். உங்க புள்ளைங்களுக்கு அஞ்சாங்கிளாசுக்கே வாத்தியாரு இல்லியா?" சட்டென்று எழுந்து சைக்கிளை எடுத்தார். "ஏறுங்க சார்."

களமருதூர் வழியாகக் குறுக்குப் பாதை. பாதை என்று சொன்னது வயல் வரப்பைத்தான். நடவுக்கு உழுது வைத்திருந்த வயலில் விழுந்தோம். கீழே முருகேசன், நடுவில் நான், மேலே சைக்கிள்.

"பைபிளு நனையலியே சார்?" என்றார் முருகேசன்.

பைபிள் நனையவில்லை. மற்றதெல்லாம் நனைந்தது.

சபைக்குள் நுழைந்தபோது கமிட்டி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ஐயோ, மலையில பிள்ளை எப்படிக் கஷ்டப்படுது பாருங்க!" தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஆசைதான். வாயை மூடிக்கொண்டு நின்றால் வாத்தியார் கிடைத்துவிடுவார். ஆனால் கையில் பைபிள் இருக்கிறதே...

"ஐயா, இது மலைச் சேறு இல்லீங்க. களமருதூர் வயல்ல சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா முறைத்தாள்.

"பார்த்தீங்களா? பட்ட பாட்டைக்கூடச் சொல்ல மாட்டேங்கறார். என்ன ஒரு தாழ்மை!" என்றார் தலைவர். ஐந்தே நிமிஷம். வாத்தியார் சாங்ஷன். ஈரமான மார்க் லிஸ்ட்டை ஒருவரும் கேட்கவே இல்லை.

வெளியே வேப்பமர நிழலில் முருகேசன் நின்றிருந்தார். என்னைவிட அவர் மேல்தான் சேறு அதிகம்.

"இன்னா சார், குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. இந்தச் சேத்தோட என்னைப் பார்த்து அழுதே விட்டாங்க."

தன் வேட்டியை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். "நாங்க பொறந்ததுலேர்ந்து சேத்துலதான் நிக்கிறோம் சார். எங்களப் பாத்து ஒருத்தரும் அழுவலியே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.